மொழிபெயர்க்கப்படாத முகவரி

புனே நகரின் தென்கிழக்கில் உள்ள வானவடி வரலாற்றில் இடம்பெற்ற ஊர். மராட்டியப் பெருந்தலைவர்களுள் ஒருவரான மகாத்ஜி சிந்தியா 1794இல் இங்கேதான் உயிர் நீத்தார். அவருடைய நினைவு மண்டபம் இன்றும் இங்கே நிற்கிறது. 1948இல் தோன்றிய இராணுவ மருத்துவக் கல்லூரியும் இவ்வூரின் முகவரியையே கொண்டது. இத்தனை பெயர் பெற்ற ஊராயினும், அதன் பெயரை எழுதுவதில் மட்டும் ஒருமைப்பாடு இல்லை. மராத்தியில் வானவடி என்பர். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டதைப் பார்த்து வெளியூரார் வானவ்ரி என்றும் வானோரி என்றும் படிப்பர். சென்னையிலோ கல்கத்தாவிலோ கடிதங்களைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியர், இவை யாவும் ஒரே ஊரைக் குறிப்பன என்பதை எவ்வாறு அறிவார்?

பல மொழிகள் வழங்கும் நாட்டில் இயல்பாக எழும் இத்தொல்லையைத் தீர்க்கவே, 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு என்னும் ஆறு இலக்க முறை நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தவர் தபால் இலாகாவில் உயர் பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும் ஆவார். வானவடியின் எண் 411040. முதல் இலக்கம் நாட்டின் எப்பகுதி என்பதையும், முதல் மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சல் பிரிப்பு மாவட்டம் என்பதையும், கடைசி மூன்று எந்த அஞ்சல் நிலையம் என்பதையும் உணர்த்துகின்றன. கடிதத்தினுள் எழுதியிருக்கும் செய்திக்கும் இந்த எண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் செய்தி உரிய இடத்தில் படிக்கப்பட வேண்டுமாயின், இத்தகைய முகவரி இன்றியமையாதது.

நம் உடலில் உள்ள உயிரணுக்களிலும் இதனை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். அதைக் கண்டறிந்த வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கால வரலாறாகும். அதன் பிற்பகுதியில் நம் புனே நகருக்கும் சிறிது பங்கு உண்டு. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

முதலில் உயிரணுவின் உள்ளமைப்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். உயிரணு என்பது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு அறை. மனித உயிரணுக்களுள் பல, ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் வரும் ஒரு கூறின் அளவினவே. அதனுள்ளே உட்கருவும், அவ்வுட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையும் உள்ளன. பரம்பரைச் செய்திகள் யாவும் அவ்விழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளன. இம்மூல நூல் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதி மட்டும் படியெடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. அந்தப் படிக்கே தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். வெளியே ரைபோசோம் என்னும் நுண்ணிய பொறிகள் அதனைப் படித்து, அதிற்கண்டவாறு அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதங்களை உண்டாக்குகின்றன. இந்த ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், வேறு இருவருடன் 2009இல் நோபல் பரிசு பெற்றதை நேயர்கள் அறிவர்.

ரைபோசோம் செய்யும் வேலைக்கு விஞ்ஞானிகள் இட்டுள்ள பெயர் ‘மொழிபெயர்ப்பு’ என்பதாகும். நான்கு எழுத்துக்களைக் கொண்ட ஒரு மொழியிலிருந்து, இருபது அமினோ அமிலங்களைக் கொண்ட மற்றொரு மொழிக்குச் செய்தி மாற்றப்படுவதால் இப்பெயர் பொருத்தமானதே. இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. தூதின் முழு நீளமும் மொழிபெயர்க்கப்படுவதில்லை. அதன் தொடக்கத்திலும் இறுதியிலும் சில பகுதிகள் புரதமாக மாறாமலே நின்றுவிடுகின்றன. அவற்றை ‘மொழிபெயர்க்கப்படாத பகுதிகள்’ என்றே குறிப்பிடுவர். சர்க்கார் அலுவலகங்களில் கடிதங்களை மொழிபெயர்க்கும் நாம், உறையின் மேலுள்ள விலாசத்தை மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் அந்த விலாசம் இல்லாவிடில் கடிதம் நம் மேசைக்கு வந்தே இராது. உயிரணுவிலும் ஏறக்குறைய அதுவே நிலை என்பது பின்னர்த் தெரிய வந்தது.

தூது ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருப்பது 1961இல் உறுதியாயிற்று. சிட்னி பிரென்னர், பிரான்ஸுவா ஜாகோப், மேத்யூ மெசல்சன் முதலியோர் அதனை மெய்ப்பித்தனர். அவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவை பாக்டீரியாக்கள். பாக்டீரியாவுக்கு உட்கரு என்று தனியே ஒன்றில்லை. அதன் உடலோ மிகச் சிறியது. படி எடுக்கப்படும்போதே மொழிபெயர்ப்பும் தொடங்கிவிடுகிறது. ஆகவே, தூது எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாதிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில், தூதில் என்ன எழுதியுள்ளது, அதனை எவ்வாறு படிப்பது என்பவற்றிலேயே அறிஞர்களின் கருத்து ஊன்றி நின்றது. தூதுகள் உயிரணுவின் நீர்மத்தில் மிதந்து, அகப்பட்ட இடத்தில் படிக்கப்படுகின்றன என்பதே பொதுவான எண்ணமாயிருந்தது.

ஆனால் இடத்தைப் பற்றிய கேள்வியை அதற்கு வெகு காலம் முன்னரே எழுப்பியவர்கள் இருந்தனர். அவர்கள் கருவியல் அறிஞர்கள். 1905இல் அமெரிக்கரான எட்வின் காங்க்லின், கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஸ்டையலா என்னும் சிறு பிராணியின் முட்டையை ஆராய்ந்தார். அம்முட்டை கருவுற்றதும், அதில் மஞ்சள் நிறமான ஒரு பகுதி பிறைபோல ஓரிடத்தில் ஒதுங்குவதைக் கண்டார். முட்டை பிளந்து பிளந்து பல உயிரணுக்களாகும்போது, அந்த மஞ்சள் பகுதியைப் பெற்றவையே குஞ்சின் வால் தசைகளாக வளர்ந்தன. ஆகவே முட்டையின் உள்ளே எல்லா இடமும் ஒரு தன்மையது அன்று. எதிர்கால உறுப்பை நிச்சயிக்கும் பொருள் ஏதோ ஒன்று குறிப்பிட்ட மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கிற்று. அப்பொருள் எது என்பதைச் சொல்ல அந்நாளில் வழியில்லை.

அதற்கான வழி பிறந்தது 1969க்குப் பிறகே. ஒரு நியூக்ளிக் அமில இழையோடு பொருந்தி ஒட்டிக்கொள்ளும் எதிர் இழையை ஆய்வுக்கூடத்தில் செய்து, அதில் கதிரியக்க அடையாளம் இட்டு, உயிரணுவின் மேல் விட்டால், அது தன் இணையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அடையாளம் எங்கே தென்படுகிறதோ அங்கேதான் அந்தச் செய்தி உள்ளது என்று கொள்ளலாம். ஜோசப் காலும் மேரி லூ பார்டியூவும் தொடங்கி வைத்த இம்முறையைப் பின்னர் வந்தோர் தூது ஆர்.என்.ஏ.வுக்கும் பயன்படுத்தினர். 1983இல் வில்லியம் ஜெஃப்ரியும் அவருடைய கூட்டாளிகளும், காங்க்லின் பார்த்த அதே ஸ்டையலா முட்டையில், ஆக்டின் என்னும் தசைப் புரதத்துக்குரிய தூதுகள் அந்த மஞ்சள் பகுதியிலேயே பெருமளவு குவிந்திருப்பதைக் கண்டனர். எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், பழைய கேள்விக்கு முதல் விடை கிடைத்தது.

அதன் பின்னர்ச் சான்றுகள் விரைவாகச் சேர்ந்தன. 1982இலேயே ஆஸ்வால்டு ஸ்டூவர்டும் வில்லியம் லெவியும், எலியின் மூளையிலுள்ள நரம்பணுக்களில், உட்கருவுக்கு வெகு தொலைவில், மற்ற நரம்புகளோடு தொடர்பு கொள்ளும் இடங்களின் அடியில் ரைபோசோம்கள் கூட்டமாக அமர்ந்திருப்பதை எலக்ட்ரான் நுண்பெருக்கியால் கண்டிருந்தனர். படிப்பவர் அங்கே இருந்தால், படிக்க வேண்டிய செய்தியும் அங்கே வந்தாக வேண்டுமன்றோ? 1986இல் ஜீன் லாரன்ஸும் ராபர்ட் சிங்கரும், கோழிக் கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களில் ஆக்டின் தூதுகள், அவ்வுயிரணு நகர்ந்து செல்லும் திசையிலுள்ள முன்விளிம்பில் திரண்டிருப்பதைக் காட்டினர். 1988இல் ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அவர் குழுவினரும் பழ ஈயின் முட்டையைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி பெரும்புகழ் பெற்றது. ‘பைகாய்டு’ என்னும் ஒரு செய்தியைத் தாய் ஈ முட்டையின் ஒரு முனையில் மட்டும் வைத்தனுப்புகிறது. அந்த முனையே தலையாகிறது. அச்செய்தி இல்லாவிடில் தலையும் மார்பும் இன்றியே கரு உருவாகிறது. செய்தியில் உள்ள எழுத்துக்களோடு, அது இருக்கும் இடமும் சேர்ந்தே அதன் பொருளை நிச்சயிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செய்தி தானாக நடந்து செல்லாது. அதனைக் கொண்டு சேர்ப்பது யார்? எங்கே சேர்ப்பது என்பதை அவர் எவ்வாறு அறிகிறார்? 1994இல் சிங்கரின் குழுவினர் இதன் ஒரு பகுதிக்கு விடை கண்டனர். கோழியின் ஆக்டின் தூதில், மொழிபெயர்க்கப்படாத இறுதிப் பகுதியில், 54 எழுத்துக்களைக் கொண்ட ஒரு துண்டு உள்ளது. அத்துண்டை வேறொரு செய்தியோடு ஒட்டினால், அச்செய்தியும் உயிரணுவின் முன்விளிம்புக்கே போய்ச் சேருகிறது. அத்துண்டை மறைத்துவிட்டாலோ, ஆக்டின் தூதுகள் வழி தெரியாமல் சிதறிவிடுகின்றன. இதற்கு அவர்கள் வழங்கிய பெயர், 1963இல் அமெரிக்கத் தபால் இலாகா கொண்டுவந்த ‘ஜிப்கோடு’ என்னும் அஞ்சல் எண்ணின் பெயரேயாகும். வெறும் ஓரவெளி என்று கருதப்பட்ட பகுதியில் முகவரி எழுதப்பட்டிருந்தது.

முகவரி இருந்தால் மட்டும் போதாது; அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். 1997இல் அதே குழுவினர், அந்த 54 எழுத்துக்களை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தனர். முகவரியைப் பற்றும் புரதம் என்னும் பொருளில் அதனை ‘இசட்.பி.பி.-1’ என்று அழைக்கின்றனர். பழ ஈயில் பைகாய்டு செய்தியைத் தன் இடத்தில் நிறுத்துவதற்கு ‘ஸ்டாஃபன்’ என்னும் வேறொரு புரதம் தேவை என்பதும் தெரியவந்தது.

இவ்வேலையின் முறையை மிகத் தெளிவாகக் காட்டியது, ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் எளிய ஈஸ்ட் ஆகும். ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகுவது. தாய் அணுவில் படியெடுக்கப்படும் ‘ஆஷ்-1’ என்னும் செய்தி, மகள் அணுவாகிய மொட்டின் நுனிக்கே அனுப்பப்படுகிறது. அதனால் தாய்க்கு ஒரு குணமும் மகளுக்கு வேறொரு குணமும் அமைகின்றன. 1997இல் தொடங்கிய ஆராய்ச்சிகள் இதில் மூன்று புரதங்களின் பங்கை விளக்கின. ‘ஷீ-2’ என்பது செய்தியிலுள்ள முகவரியைப் பற்றுகிறது. ‘ஷீ-3’ என்பது இடையே நின்று இணைக்கிறது. ‘மயோ-4’ என்பது உயிரணுவினுள் கட்டியுள்ள கம்பிப் பாதையில் அடி மேல் அடி வைத்து நடந்து, சுமையை இழுத்துச் செல்கிறது. அடுத்த ஆண்டே, ஒளிரும் புரதம் ஒன்றைச் செய்தியோடு பிணைத்து, அது உயிருள்ள ஈஸ்டில் மொட்டை நோக்கிச் செல்லும் காட்சியை நுண்பெருக்கியின் வழியே நேரிலேயே கண்டனர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வழியிலேயே ஏதேனும் ஒரு ரைபோசோம் அச்செய்தியைப் படித்துவிட்டால், புரதம் வேண்டாத இடத்தில் அல்லவோ உண்டாகும்? இதற்கும் ஏற்பாடு உண்டு. முகவரியைப் பற்றிச் செல்லும் இசட்.பி.பி.-1, அதே சமயம் செய்தியை ரைபோசோம் படிக்கவொட்டாமல் தடுத்தும் வைக்கிறது. கடிதத்தைச் சுமப்பவனே அதன் முத்திரையாகவும் இருப்பதுபோல் இது அமைந்துள்ளது. உரிய இடத்தை அடைந்ததும், அங்குள்ள ‘சார்க்’ என்னும் நொதி இப்புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே அதன் பிடி தளர்கிறது, முத்திரை உடைகிறது, மொழிபெயர்ப்புத் தொடங்குகிறது. 2005இல் வெளியான இந்த முடிவு, சேர்ப்பதும் காப்பதும் ஒரே புரதத்தின் இரு கடமைகள் என்பதை விளக்கிற்று.

புரதத்தை உட்கருவின் அருகிலேயே செய்து அனுப்பாமல், செய்தியை அனுப்பி அங்கே செய்துகொள்வதில் என்ன இலாபம் என்று கேட்கலாம். ஒரு செய்தியிலிருந்து பல புரதங்களைச் செய்யலாம். ஆகவே சுமை குறைகிறது. வழியில் இருக்கக்கூடாத புரதம் வழியில் தோன்றுவதில்லை. அவசரத் தேவை எழும்போது தலைமையிடத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், அந்தந்த இடத்திலேயே காரியம் நடக்கிறது. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பணுவின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதற்கு இவ்வேற்பாடு எத்துணை உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இது சில உயிரணுக்களின் விசித்திர வழக்கமும் அன்று. 2007இல் பழ ஈயின் கருவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்களின் தூதுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 71 சதவிகிதம் தத்தமக்கென ஓர் இடத்தில் அமைந்திருந்தமை தெரிந்தது.

இனிப் புனேயின் பங்கைப் பார்ப்போம். அது உருளைக் கிழங்கைப் பற்றியது. உருளைக் கிழங்கின் தாயகமான ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு வகை, பகல் குறுகும் காலத்தில்தான் கிழங்கு வைக்கும். நம் வட இந்தியச் சமவெளியிலும் உருளைக் கிழங்கு பெரும்பாலும் குளிர்காலப் பயிரே. பகல் குறுகியதை அறிவது இலை. கிழங்கு வைப்பதோ மண்ணுக்குள் ஓடும் மெல்லிய கிளைத்தண்டின் நுனி. இலை அறிந்ததை மண்ணுக்குள் இருக்கும் நுனிக்குச் சொல்வது யார்?

அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக் கழகத்தில் டேவிட் ஹன்னபெல், அஞ்சன் பானர்ஜி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கேள்விக்கு எதிர்பாராத விடை தந்தது. ‘பெல்-5’ என்னும் செய்தி மிகுதியாக உள்ள செடியின் தலையை, வேறு சாதாரணச் செடியின் அடியில் ஒட்டுப் போட்டனர். மேற்பகுதியில் பிறந்த தூது ஆர்.என்.ஏ., இலை சமைத்த உணவைக் கீழே கொண்டு செல்லும் குழாய்களின் வழியாக ஒட்டைக் கடந்து, கிளைத்தண்டின் நுனியை அடைந்தது. அவ்வாறு சென்ற செடிகள் கிழங்கும் அதிகம் வைத்தன. குறும்பகலில் இப்பயணம் பெருகிற்று. நாம் இதுவரை பேசியது ஓர் உயிரணுவின் எல்லைக்குள் நிகழும் பயணம். இதுவோ செடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிகழ்வது. ஆயினும் வழிமுறை ஒத்திருக்கிறது. இங்கேயும் மொழிபெயர்க்கப்படாத பகுதிகளே பயணத்துக்குத் துணை செய்கின்றன என்பதை 2009இல் அவர்கள் காட்டினர்.

பின்னர்ப் பானர்ஜி புனேக்கு வந்து, 2006இல் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். வானவடிக்கு எதிர்ப்புறமாக, நகரின் வடமேற்கில் பாஷாணில் உள்ளது அந்நிறுவனம். பெல்-5 புரதத்தோடு இணைந்து வேலை செய்வது ‘பாத்-1’ என்னும் மற்றொரு புரதம். அதற்குரிய தூதும் அவ்வாறே செடியினுள் பயணம் செய்கிறது என்பதை 2012இல் இங்குள்ள ஆய்வாளர்கள், ஹன்னபெல் குழுவினரோடு சேர்ந்து வெளியிட்டனர். பெல்-5 தூதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் எவை என்பது ஐயோவாக் குழுவினரால் 2015இல் தெளிவாயிற்று. அவை ‘பி.டி.பி.’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் செடியில் மிகுவித்தால் கிழங்கு மிகுகிறது, குறைத்தால் குறைகிறது. தவளையின் முட்டையில் செய்திகளை இடம் சேர்க்க உதவும் புரதங்களுள்ளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஒன்று உண்டு என்பது வியப்புக்குரியது. தூது ஒன்றே கிழங்குக்குக் காரணம் என்று கொள்ளலாகாது. இலையிலிருந்து செல்லும் ஒரு புரதமும் கிழங்கு வைக்கத் தூண்டுகிறது என்பது 2011இல் தெரிந்தது. எனினும் நீலகிரியிலும் புனே மாவட்டத்து மஞ்சர் வட்டாரத்திலும் உருளைக் கிழங்கு பயிரிடும் விவசாயிக்கு, இவ்வாராய்ச்சி எட்டாத பொருள் அன்று. கிழங்கு எப்போது, எத்தனை வைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்று இதனால் வெளிப்பட்டிருக்கிறது.

முகவரியைப் படிக்கும் புரதம் பழுதுபட்டால் நேரும் துன்பத்தையும் இங்கே சொல்லுதல் வேண்டும். 1991இல் அடையாளம் காணப்பட்ட ‘எஃப்.எம்.ஆர்.-1’ என்னும் ஜீன் செயலற்றுப் போனால், குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தடைப்படுகிறது. அந்த ஜீன் தரும் புரதம், நரம்பணுக்களில் தூதுகளைப் பற்றிச் சென்று, நரம்புகள் சந்திக்கும் இடங்களில் அவை அளவுக்கு மீறிப் படிக்கப்படாமல் அடக்கி வைப்பது. அது இல்லாதபோது முத்திரையிடுவாரின்றிச் செய்திகள் திறந்து கிடக்கின்றன. குழந்தைகளின் தசைகளைத் தளர்த்தி உயிருக்கே ஊறு செய்யும் முதுகுத்தண்டு நரம்பு நோய் ஒன்று, ‘எஸ்.எம்.என்.’ என்னும் புரதத்தின் குறைவால் வருவதென 1995இல் அறியப்பட்டது. அந்நோயுள்ள சுண்டெலிகளின் நரம்பணுக்களில், வளரும் நுனியில் இருக்க வேண்டிய ஆக்டின் தூதுகள் குறைந்திருப்பதை 2003இல் கண்டனர். அந்நோய் வருவதற்கு இது எவ்வளவு காரணம் என்பது தொடர்ந்து ஆராயப்படுகிறது.

1961இல் தூதைக் கண்டவர்கள் அதன் எழுத்துக்களைப் படிக்க முற்பட்டனர். அது தேவையான பணியே. 1905இல் முட்டையின் மஞ்சள் பிறையைப் பார்த்தவர் கேட்ட கேள்வியோ, எழுத்தை மட்டும் படிப்பதால் தீராத கேள்வி. இரண்டையும் ஒன்றுசேர்த்த பிறகே, உயிரணு தன் செய்திகளை எவ்வாறு ஆள்கிறது என்பது விளங்கத் தொடங்கியது. இன்னும் விளங்க வேண்டியவை பல. ஒரே புரதம் பல முகவரிகளைப் படிக்கிறது. ஒரே செய்தியைப் பல புரதங்கள் பற்றுகின்றன. அவற்றுள் யார் சொல் எடுபடும் என்பதை நிச்சயிக்கும் விதி இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. நம் இளைஞர்களுள் சிலரேனும் அதனை எழுதும் பணியில் ஈடுபட வேண்டும் என்பது நம் விருப்பம்.